குட்டி விற்கும் முன் போட வேண்டிய கணக்கு
செல்லப்பிராணிகள்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நாய்களை இணை சேர்ப்பது, குட்டி விற்பது, குட்டி வாங்குவது பற்றியவையாகவே இருந்தன. ஆகவே பசு, ஆடு, கோழி பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, என்னிடம் 14 மாத லப்ரடோர் பெட்டை ஒன்று இருக்கிறது. ஹட்டனில் உள்ள நண்பரிடம் நல்ல கடுவன் இருக்கிறது. ஒரு தடவைக்கு எட்டுக் குட்டி என்று வைத்துக்கொண்டால், ஒன்று 50,000 ரூபாப்படி 4 இலட்சம் ரூபா கிடைக்கும். வருடம் இரண்டு தடவை செய்தால், இப்போது பார்க்கும் வேலையையே விட்டுவிடலாம் என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். அம்மா மட்டும், "வாயில்லாச் சீவனை வைத்துப் பிழைப்பது பாவம்" என்று தடுக்கிறார். நான் என்ன செய்வது?
எஸ். கே., லிந்துலை

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய கணக்கில் வரவு மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. செலவுப் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன். விலைவாசி ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறுவதால் பெரும்பாலும் அளவை மட்டும் சொல்கிறேன். உங்கள் ஊர் விலையை நீங்களே போட்டுக் கூட்டிப் பாருங்கள்.

முதற் செலவு இணை சேர்ப்பதற்கு முன்பே வந்துவிடுகிறது. லப்ரடோர் இனத்தில் இடுப்பு மூட்டுக் குறைபாடு பரம்பரையாக வருவது. தொடை எலும்பின் தலை அதன் குழியில் சரியாகப் பொருந்தாமல் உராய்ந்து உராய்ந்து, நடுவயதிலேயே அந்த நாய் படுத்த இடத்தை விட்டு எழும்பும்போது முனகத் தொடங்கும். இளம் வயதில் துள்ளி ஓடும் நாயை வெளியில் நின்று பார்த்து இதைச் சொல்ல முடியாது. மயக்க மருந்து கொடுத்து, பின்னங்கால்களை நீட்டிப் பிடித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அமெரிக்காவில் இதற்கான நிரந்தரச் சான்றிதழை 24 மாதம் நிறைவதற்கு முன் கொடுப்பதில்லை என்பதிலிருந்தே, உங்கள் பெட்டைக்கு இது உரிய வயதல்ல என்பது விளங்கும். உங்கள் பெட்டைக்கும் நண்பரின் கடுவனுக்கும், இருவருக்குமே இந்தப் பரிசோதனை வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலையில் இதைப் பற்றி விசாரியுங்கள்.

அடுத்தது கண். விழித்திரை சிறிது சிறிதாகத் தேய்ந்து முழுக் குருடாகும் ஒரு நோய் லப்ரடோர்களில் உண்டு. அதன் மரபணுவை ஒரு பிரதி மட்டும் சுமக்கும் நாய்க்குப் பார்வை கெடாது. எனவே சுமக்கிறது என்பதே வீட்டுக்காரருக்குத் தெரியாது. அப்படிச் சுமக்கும் இரண்டு நாய்களைச் சேர்த்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் குருடாகும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்து, வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பி இதை அறியலாம். கட்டணம் டொலரில் இருக்கும். இதோடு புருசெல்லா கிருமிக்கான இரத்தப் பரிசோதனையும் இருவருக்கும் அவசியம். இணை சேரும்போது தொற்றும் இந்தக் கிருமி, சினையின் இரண்டாம் மாதத்தில் கருவைக் கலைத்துவிடும். நாயிடமிருந்து முழுமையாக நீக்குவது மிகக் கடினம். கலைந்த கருவைக் கையாளும் மனிதருக்கும் தொற்றக்கூடியது.

இத்தனையும் முடித்து இணை சேர்த்தால், கடுவன்காரருக்கு ஒரு கட்டணம் அல்லது அவர் தெரிந்தெடுக்கும் ஒரு குட்டி போகும். உங்கள் எட்டு அப்போதே ஏழாகிவிட்டது.

சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். நான்காம் வாரத்தில் ஸ்கேன் செய்து சினையை உறுதிப்படுத்தலாம். 55ஆம் நாளுக்குப் பின் எடுக்கும் எக்ஸ்ரேயில் எத்தனை குட்டி என்று எண்ணலாம். இந்த எண்ணிக்கை வீண் செலவு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உள்ளே இன்னும் ஒரு குட்டி மிச்சமிருக்கிறதா இல்லையா என்று நள்ளிரவில் தெரியாமல் தவிப்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும். தாய் பலமாக முக்கத் தொடங்கி அரை மணித்தியாலமாகியும் குட்டி வராவிட்டாலும், ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் கடந்தாலும், முதற் குட்டி வருமுன்பே பச்சை நிற நீர் கண்டாலும் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். தென்மேல் பருவமழை கொட்டும் ஜூலை இரவொன்றில், லிந்துலையிலிருந்து எந்த வாகனத்தில், எந்த வைத்தியரிடம் போவீர்கள், மண் சரிந்து பாதை மூடியிருந்தால் என்ன செய்வீர்கள், சத்திரசிகிச்சைக்குக் கையில் பணம் இருக்கிறதா என்பவற்றுக்கெல்லாம் இணை சேர்க்கும் நாளுக்கு முன்பே விடை இருக்க வேண்டும்.

மலைநாட்டில் எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி குளிர். பிறந்து இரண்டு மூன்று வாரங்கள் வரை குட்டியால் தன் உடற்சூட்டைத் தானே காக்க முடியாது. முதல் வாரத்தில் அது படுக்கும் இடம் 30 பாகை செல்சியஸ் அளவிலாவது இருக்க வேண்டும். நம் பக்கத்தில் ஜனவரி, பெப்ரவரியில் விடியற்காலை புல்லில் உறைபனி விழுகிறது. வெறும் சீமெந்துத் தரையில் ஒரு சாக்கை விரித்துத் தாயைப் படுக்க விட்டால், பாதிக் குட்டிகள் முதல் வாரத்தைக் காணாமலே போகலாம். குட்டியின் வாய்க்குள் சுண்டுவிரலை வைத்துப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் பால் புகட்டக் கூடாது. உடல் குளிர்ந்த குட்டியின் குடல் வேலை செய்யாது, பால் உள்ளேயே கெடும். துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தலை அணைத்து மெல்ல மெல்லச் சூடேற்றிய பிறகுதான் பால். மின்குமிழைத் தொங்கவிட்டுச் சூடு கொடுப்பவர்கள், அது சாக்கிலோ வைக்கோலிலோ விழாதபடி கம்பியால் இறுகக் கட்ட வேண்டும். லயன் வீட்டில் ஒரு காம்பராவில் பற்றும் நெருப்பு அந்த வரிசை முழுவதையும் கொண்டுபோகும்.

நானுஓயாப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் குட்டிகளை வளர்த்தெடுத்த விதத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு குட்டியின் கழுத்திலும் ஒவ்வொரு நிற ஊல் நூல் தளர்வாகக் கட்டியிருப்பார். காலையில் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பழைய கொப்பியில் நிறத்துக்கு நேரே எடையை எழுதுவார். முந்திய நாளை விட எடை கூடாத குட்டிக்கு அன்றிரவு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழுந்து போத்தல் பால் கொடுப்பார். மூன்று வாரம் அவர் சரியாகத் தூங்கவில்லை. இந்த உழைப்புக்கு உங்கள் கணக்கில் எத்தனை நாட்சம்பளம் போட்டிருக்கிறீர்கள்?

பால் கொடுக்கும் தாய்க்கு மூன்றாம் நான்காம் வாரத்தில் வழக்கமான உணவைப் போல இரண்டிலிருந்து நான்கு மடங்கு வரை தேவைப்படும். குட்டிகளுக்கு 2, 4, 6, 8ஆம் வாரங்களில் பூச்சி மருந்து. எட்டுக் குட்டிக்கு 32 வேளை மருந்து. ஆறாம் எட்டாம் வாரத்துக்கு இடையில் முதல் தடுப்பூசி, எட்டு ஊசி. நான்காம் வாரத்திலிருந்து குட்டிகளும் சாப்பிடத் தொடங்கிவிடும். எட்டு வாரம் முடிந்ததும் வாங்குபவர் வரிசையில் நிற்பார் என்று நினைக்க வேண்டாம். விலை போகாத குட்டி உங்கள் வீட்டிலேயே வளர்ந்து, நாளுக்கு நாள் அதிகமாகச் சாப்பிடும். வளர வளர அதன் விலையும் குறையும்.

இவை அனைத்தையும் செய்பவருக்கு ஒரு ஈற்றில் கையில் மிஞ்சுவது சொற்பம். ஒரு குட்டிக்குச் சத்திரசிகிச்சையோ, இரண்டுக்குச் சேலைன் ஏற்றுவதோ வந்துவிட்டால் கைக்காசும் போகும். இலாபம் பார்க்கிறவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்றால், பரிசோதனையை விட்டு, ஊசியை விட்டு, தாயின் சாப்பாட்டைக் குறைத்து, ஒவ்வொரு பருவத்துக்கும் ஓய்வின்றி இணை சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். அந்த இலாபம் தாய் நாயின் எலும்பிலிருந்து எடுக்கப்படுவது. ஜாதி நாய்களைப் பதிவு செய்யும் சங்கமான பிரித்தானியக் கென்னல் கிளப், ஒரு பெட்டை தன் வாழ்நாளில் ஈனும் முதல் நான்கு ஈற்றுகளுக்கு மேல் பதிவு செய்வதில்லை. நீங்கள் எழுதியபடி வருடம் இரண்டு என்றால், இரண்டே வருடத்தில் அந்த எல்லை முடிந்துவிடும்.

உங்கள் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. அம்மா, நாயைக் குட்டி போட வைப்பதே பாவம் என்று நான் நினைக்கவில்லை. நல்ல குணமும் திடமும் உள்ள நாய்களின் வழி தொடர்வது நல்லதுதான். ஆனால் இந்த உலகத்துக்கு நாம் கேட்டு வரவழைத்த குட்டி எங்கே போனாலும், அதற்கு ஆபத்து வந்தால் திருப்பி வாங்கிக்கொள்ளும் கடமை நமக்கு உண்டு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறி, நாய் உணவும் மருந்தும் எட்டாத விலைக்குப் போன மாதங்களில், விலை கொடுத்து வாங்கப்பட்ட ஜாதி நாய்கள் தெருவில் அலைந்ததை நாம் பார்த்தோம். தம்பி, "உங்களால் பார்க்க முடியாமல் போனால் என்னிடமே கொண்டுவந்து விடுங்கள்" என்று எட்டு வீட்டாருக்கும் எழுத்தில் கொடுக்க உங்களால் முடியுமானால், பெட்டைக்கு இரண்டு வயது நிறைந்து பரிசோதனைகளும் நல்லபடி வந்த பிறகு ஒரு தடவை செய்து பாருங்கள். முடியாவிட்டால் கருத்தடை செய்து, அதை வீட்டுப் பிள்ளையாக வைத்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் வேலையை விட வேண்டாம்.

கேள்வி: டவுனில் ஒருவர் பெட்டியில் வைத்து விற்ற குட்டியைப் பிள்ளைகள் ஆசைப்பட்டதால் வாங்கினோம். ஐந்து வாரம் என்றார். வாங்கிய ஐந்தாம் நாள் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் கண்டு இறந்துவிட்டது. இப்போது கண்டியில் ஒருவரிடம் விசாரித்தால் மூன்று மடங்கு விலை சொல்வதோடு, வீட்டில் யார் பகலில் இருப்பார்கள், மதில் இருக்கிறதா, முன்பு நாய் வளர்த்தீர்களா என்று பொலிஸ் விசாரணை போலக் கேட்கிறார். காசு கொடுப்பது நாங்கள், கேள்வி கேட்பது அவரா?
திருமதி ஆர்., பண்டாரவளை

பதில்: சகோதரி, பிள்ளைகளின் துயரம் எனக்குப் புரிகிறது. நீங்கள் எழுதிய அறிகுறிகள் பார்வோ வைரசுக்கு உரியவை. அது உடலில் புகுந்து பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாட்களில் வெளிப்படும் என்பதால், குட்டி அந்தப் பெட்டியிலிருந்தே நோயோடு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். உங்கள் கவனிப்பில் குறை இருந்ததென்று மனம் நோக வேண்டாம்.

கண்டிக்காரர் மூன்று மடங்கு கேட்பது ஏன் என்பதை மேலே லிந்துலை வாசகருக்கு எழுதிய பதிலில் காணலாம். அவர் கேள்வி கேட்பது, குட்டியை விற்ற பிறகும் அதன் மீது அக்கறை இருப்பதால்தான். கேள்வியே கேட்காமல் காசை வாங்கிக்கொண்டு குட்டியைக் கையில் திணிப்பவரைத்தான் நாம் சந்தேகிக்க வேண்டும். நீங்களும் அவரிடம் கேளுங்கள். தாய் நாயைக் குட்டிகளோடு அதே இடத்தில் காட்டச் சொல்லுங்கள். "தாய் வேறு இடத்தில் இருக்கிறது" என்றால் திரும்பி வந்துவிடுங்கள். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல், ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை இடைத்தரகர் விற்பதையே சட்டம் தடுத்திருக்கிறது. வளர்த்தவரிடம் நேரில் போய், தாயோடு பார்த்து வாங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இரு பெற்றோரின் பரிசோதனை அறிக்கைகளையும், ஊசி போட்ட திகதி எழுதி வைத்தியர் கையொப்பமிட்ட அட்டையையும் கேட்டுப் பாருங்கள். கென்னல் சங்கப் பதிவுப் பத்திரம் குட்டியின் பரம்பரையைச் சொல்லும். அதன் இடுப்பும் கண்ணும் நன்றாக இருக்கின்றன என்று சொல்லாது. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதை அது கூடப் பிறந்தவற்றோடு விளையாடித்தான் கற்கிறது. கற்காத குட்டி பின்னர் உங்கள் பிள்ளைகளின் கையைக் கடிக்கும்.

இன்னொன்று. அந்த வைரஸ் உங்கள் வீட்டில் இப்போதும் இருக்கும். நிழலும் ஈரமும் உள்ள நம் மலைநாட்டு மண்ணில் மாதக் கணக்கில் உயிர்வாழும். சாதாரண பினைலை நம்ப முடியாது. அழுக்கை நன்றாகக் கழுவி நீக்கிய பின், 30 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வெளுக்கும் குளோரின் திரவம் கலந்து தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். இறந்த குட்டியின் படுக்கை, பாத்திரம் எதையும் மீண்டும் பயன்படுத்தாதீர்கள். முற்றம் மண் தரையாக இருந்தால் அதை இப்படிச் சுத்தப்படுத்த முடியாது. ஆகவே அடுத்த நாய், 16 வாரம் கடந்து ஊசித் தொடரை முடித்ததாக இருக்கட்டும். சிறு குட்டிதான் வேண்டுமென்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். இந்தத் தடவை நீங்கள் இணங்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் பக் இனப் பெட்டைக்குப் போன வருடம் வயிற்றைக் கிழித்துத்தான் குட்டி எடுத்தார்கள். தூங்கும்போது பலமாகக் குறட்டை விடும், படியேறினால் மூச்சு வாங்கும். மற்றபடி சுகமாக இருக்கிறது. மீண்டும் இணை சேர்க்கலாமா?
எம். என்., கண்டி

பதில்: வேண்டாம். குறட்டையும் மூச்சு வாங்கலும் மூக்குத் துளையும் தொண்டைப் பாதையும் குறுகியிருப்பதன் அடையாளம். அந்த நாய் நாள் முழுவதும் காற்றுக்காகப் போராடுகிறது. குட்டிகளுக்கும் அதே அமைப்புத்தான் போகும். பிரித்தானியாவில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில், புல்டோக், பிரெஞ்சு புல்டோக், பொஸ்டன் டெரியர் ஆகிய குட்டை மூக்கு இனங்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட ஈற்றுகள் சத்திரசிகிச்சையாலேயே நடந்தன என்று கண்டார்கள். நெதர்லாந்து, மிகக் குட்டையான மூக்குள்ள நாய்களை இனப்பெருக்கம் செய்வதை 2019 முதல் கட்டுப்படுத்தியிருக்கிறது. உங்கள் பெட்டைக்கு எடையைக் குறையுங்கள், கழுத்துப் பட்டிக்குப் பதிலாக நெஞ்சுப் பட்டி போடுங்கள், வெயிலில் நடத்தாதீர்கள். கருத்தடை செய்யும்போது மூக்குத் துளையை அகலப்படுத்தும் சிகிச்சை வேண்டுமா என்றும் வைத்தியரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஒரே ஈற்றில் பிறந்த அல்சேஷன் அண்ணனும் தங்கையும் என்னிடம் இருக்கின்றன. வேறு இரத்தம் கலந்தால் இனம் கெட்டுவிடும் என்பதால், இவற்றையே சேர்த்தால் குட்டிகள் சுத்தமாக இருக்கும் அல்லவா?
பி. டி., பதுளை

பதில்: அதே இனத்தின் வேறொரு குடும்பத்திலிருந்து கடுவனைக் கொண்டுவந்தால் இனம் கெடாது. ஆனால் கூடப் பிறந்தவற்றைச் சேர்த்தால் ஆரோக்கியம் கெடும். ஒவ்வொரு நாயும் வெளியே தெரியாத சில குறைகளைத் தன் மரபணுவில் ஒற்றைப் பிரதியாகச் சுமக்கிறது; அண்ணனும் தங்கையும் ஒரே தாய் தகப்பனிடமிருந்து வந்தவை என்பதால் இருவரும் ஒரே குறையைச் சுமக்க வாய்ப்பு அதிகம். கூடப் பிறந்தவற்றின் குட்டியில், மரபணு இடங்களில் சராசரியாக 25 வீதத்தில் இரு பிரதிகளும் ஒரே மூதாதையின் நகலாக இருக்கும். கூடப் பிறந்தவற்றின் பிள்ளைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிறக்கும் குட்டியில் இது 6.25 வீதம். விளைவு, ஈற்றில் குட்டிகள் குறையும், பிறந்தவை நலியும், அல்சேஷனில் ஏற்கெனவே உள்ள இடுப்புக் குறைபாடும் முதுகுத்தண்டு நலிவு நோயும் தலைதூக்கும். பிரித்தானியக் கென்னல் கிளப் தாய் மகன், தகப்பன் மகள், கூடப் பிறந்தவை ஆகிய இணைகளின் குட்டிகளை 2009 முதல் பதிவு செய்ய மறுக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஊரெல்லாம் புகழும் ஒரே கடுவனிடம் எல்லோரும் போனால், சில வருடங்களில் அந்த மாவட்டத்து அல்சேஷன்கள் அனைத்தும் ஒன்றுக்கொன்று அண்ணன் தங்கையாகிவிடும். உங்கள் இரண்டையும் இப்போதே பிரித்து வைத்து, ஒன்றுக்காவது கருத்தடை செய்துவிடுங்கள். ஏழாம் எட்டாம் மாதத்தில் பெட்டை பருவத்துக்கு வந்துவிடக்கூடும். கூடப் பிறந்தது என்று கடுவன் பார்க்காது.

கேள்வி: ஐயா, நீங்கள் ஜாதி நாய்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். எங்கள் தோட்டத்து லயத்தில் நாட்டு நாய்தான். பெட்டை வருடம் இரண்டு தடவை குட்டி போடுகிறது. கடுவன் குட்டியை யாராவது கேட்டு வாங்குகிறார்கள். பெட்டைக் குட்டிகளைப் பெக்டரிப் பாதையில் விட்டுவிடுகிறார்கள். சிறுத்தை வந்து பிடித்துக்கொண்டு போகிறது. இதற்கு என்ன வழி?
ஒரு தொழிலாளி, மஸ்கெலியா

பதில்: ஐயா, இந்தப் பக்கத்துக்கு வந்த கேள்விகளில் முக்கியமானது உங்களுடையதுதான். காசுக்காகப் பிறக்கும் குட்டிக்குச் செய்ய வேண்டிய அத்தனையும், கேட்காமல் பிறக்கும் இந்தக் குட்டிக்கும் உரியதே. செய்ய முடியாது என்று தெரிந்தால், பிறக்காமல் தடுப்பதே நாம் காட்டக்கூடிய இரக்கம்.

பாதையில் விடப்பட்ட குட்டிகளால் சிறுத்தைக்கும் கேடு உண்டு. எளிதாகக் கிடைக்கும் இரையைத் தேடி அது லயத்தின் ஓரம் வரை வரப் பழகுகிறது. பயந்த மனிதர் விரட்டுகிறார்கள், பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் அது மாட்டிக்கொள்கிறது. உங்கள் பக்கத்து நல்லதண்ணியில் 2020 மே மாதம் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று இப்படிச் சுருக்கில் சிக்கி இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இரவில் நாயைத் தேயிலை ஓரத்தில் கட்டிப் போடாமல், கதவுள்ள கொட்டிலில் அடையுங்கள்.

பெட்டையின் இரு பருவங்களுக்கு இடையில் ஏறத்தாழ ஆறு மாத இடைவெளி உண்டு. இப்போது குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தால், பால் மறந்து மடி வற்றும் வரை பொறுத்து, அடுத்த பருவத்துக்கு முன் கருத்தடை செய்துவிடலாம். குட்டிகளுக்கு ஆறு மாத அளவில் செய்யலாம். உங்கள் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலும், நாய்களுக்கான கருத்தடை முகாமும் இலவச விசர்நோய்த் தடுப்பூசியும் எப்போது வருகின்றன என்று கேளுங்கள். ஒருவர் தனியாகக் கேட்பதை விட, லயத்தில் உள்ள பெட்டை நாய்கள் எத்தனை என்று எழுதி, வீட்டுக்காரர்கள் எல்லோரும் கையொப்பமிட்டுக் கொடுத்தால் முகாமை உங்கள் தோட்டத்துக்கே கொண்டுவரச் சொல்லிக் கேட்கலாம். முகாம் நாளன்று காலையில் நாய்க்குச் சாப்பாடு கொடுக்க வேண்டாம். சிகிச்சைக்குப் பின் பத்து நாட்கள் மழையில் நனையாத, காய்ந்த இடத்தில் வையுங்கள். தையலை நக்காமல் இருக்கப் பழைய பெனியன் ஒன்றை மாட்டி முதுகில் முடிந்துவிடலாம். காயம் வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ, நாய் சாப்பிட மறுத்தாலோ பத்து நாள் முடியட்டும் என்று காத்திராமல் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.